முழு ஒடிப்பு

மூன்று மாதமாக ஊற்றுகிறேன்.
ஒருகொடவத்தையில் ஒரு போத்தல்,
வரக்காபொலையில் அரைப் போத்தல்,
கேகாலை தாண்டினால் கணக்கில்லை.
குடிகாரனுக்கு ஊற்றியிருந்தால்
ஒரு பாட்டாவது மிஞ்சியிருக்கும்.
இது குடித்துவிட்டு
நிறுத்திய இடமெல்லாம் சிவப்பாகத் துப்புகிறது.
வெற்றிலை போடும் லொறி என்று
நாலாம் குறுக்குத் தெருவில் பெயர்.
நாட்டாமிகள் வெங்காய மூட்டையை இறக்கி வைத்து
குனிந்து பார்த்துவிட்டுத்தான்
முதுகை நிமிர்த்துவார்கள்.

முதலாளி மரியநாயகத்துக்கு ஃபோன் எடுத்தால்
ஒரே பதில்:
"கையிருக்குத்தானே உனக்கு?"

இருந்தது.
கடுகண்ணாவை வளைவில், போன செவ்வாய்,
ஸ்டியரிங்கில் மார்பைச் சாய்த்து
முழங்காலை உதைத்து
ஐந்து தொன் வெங்காயத்தையும்
கையால் திருப்பினேன்.
எதிரே வந்த பஸ்காரன்
கண்ணாடியை மடக்கிக்கொண்டு போனான்.
இறங்கி, ஒரு மணி நேரம்
தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறக்க முடியவில்லை.

கிராண்ட்பாஸில் ஹில்மி பாஸ்
கெபினைக் கவிழ்த்து, டோர்ச் அடித்து,
பம்பின் பின்னால் விரல் விட்டு
முகர்ந்து பார்த்தார்.
"கருகின மணம். காற்றையும் சேர்த்துக் குடிக்குது.
ஒடிக்கேக்க அழுமே?"
அழும்.
முழு ஒடிப்பில் பிள்ளை மாதிரி அழும்,
நேரானால் நிறுத்திவிடும்.

"சீல் மட்டும் மாத்தினா?"
"மாத்தலாம். தண்டு தேஞ்சிருக்கு.
ஒரு மாசம். பிறகு என்னைத்தான் ஏசுவீங்க."
பிறகு, தெருவெல்லாம் கேட்க,
"புலியைக் கழட்டோணும், புலர் எடு!" என்றார்.
ஒரு காலம்
பார்ட்ஸ் கடைக்கு ஃபோன் எடுத்தால்
இந்தச் சொல் வாயில் வராது எங்களுக்கு.
பெல்ட் ஓடுமே, அந்த வட்டச் சாமான்,
என்று நீட்டி முழக்குவோம்.
இப்போது அது மேசையில்
வெறும் இரும்பாக, பள்ளம் விழுந்து கிடந்தது.

பஞ்சிகாவத்தையில் லயனலின் கடை.
கம்பியில் வரிசையாகத் தொங்கின
ஜப்பானில் கழற்றிய பம்புகள்.
எந்த மழைத் தெருவில்
எவன் வீட்டுக்குத் திரும்பினானோ
அந்தத் திருப்பமெல்லாம் உள்ளே இருக்க
வாய்க்குச் சீலை அடைத்திருந்தது.
முப்பத்தெட்டு என்றான். முப்பத்திரண்டு என்றேன்.
முப்பத்தைந்துக்கு வந்து
கரண்டிப் பால்மா போட்ட தேத்தண்ணியும் தந்தான்.
பாதிக்காசு என்னுடையது.
முதலாளி பிறகு தருவாராம், பில் காட்டினால்.
பில் போதாது:
"பழசையும் கொண்டு வா. பார்க்கோணும்."

முன்சில்லுகளை ஜாக்கில் தூக்கி
எஞ்சின் அணைத்தபடி
இடம், வலம், இடம், வலம்.
தொட்டியில் நுரை பொங்கி
தேத்தண்ணிக் கோப்பை போலச் சுழன்றது.
ஹில்மி பாஸ் டோர்ச்சோடு குனிந்து
குமிழ்களை எண்ணினார்,
பிறகு எண்ணுவதை விட்டார்.
எஞ்சின் போட்டேன். அழவில்லை.

ஆமர் வீதிச் சந்தியில்தான் அது நடந்தது.
பழக்கத்தில்
மூன்று மாதத்துப் பலத்தையும் திரட்டி ஒடித்தேன்.
சில்லு வெண்ணெயில் போனது போலப் போய்
லொத்தர் விற்பவனின் பலகைக்கு
ஒரு சாண் முன்னால் நின்றது.
"பிஸ்ஸுத!" என்று கத்தினான்.
அவன் சீட்டுகள் நடைபாதையில் பறந்தன.
இறங்கிப் பொறுக்கிக் கொடுத்து
இரண்டை வாங்கினேன், வெட்கத்துக்கு.

களனிப் பாலத்தில் ஒரு விரலால் ஓட்டிப் பார்த்தேன்.
ஃபோன் அடித்தது.
"இப்ப லேசா?"
"ஓம்."
தோள் மட்டும் இன்னும்
எதிலோ முட்டிக்கொண்டுதான் இருந்தது.

பக்கத்துச் சீட்டில்
பழைய பேப்பரில் சுற்றிய பழைய பம்ப்,
முதலாளிக்குக் காட்ட.
மணமகள் தேவைப் பக்கம் முழுக்கச் சிவந்து
எண்ணெய் மெல்ல
பில்லின் ஓரத்தைத் தொட்டுவிட்டது.
நகர்த்தவில்லை.